உப்புத்தாளில் ஒரு ‘அ’

கல்வி வந்த வழி – 17

சென்ற அத்தியாயத்தைத் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் விட்டுவிட்டு வந்தோம். வாத்தியார் பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து மணலில் அழுத்தி ‘அ’ போட வைப்பார். பிள்ளை ‘ஆனா’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிசகினால் அதே விரலுக்கு அதே மணலில் தண்டனை. விஜயதசமியன்று இன்றும் நம் வீடுகளில் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, குழந்தையை மடியில் இருத்தி, அதே மாதிரிதான் எழுத வைக்கிறோம். விரல் குழந்தையுடையது, அதை நடத்துகிற கை பெரியவருடையது.

இந்த அத்தியாயம் அந்தப் பெரிய கையைப் பற்றியது. அது பிடியை விட்டால் குழந்தை என்ன செய்யும் என்று வாழ்நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மையார், இரண்டு வருடம் நம் ஜில்லாவில் உட்கார்ந்தும் பார்த்தார்.

நம் ஜில்லா என்று சொல்வதில் தவறில்லை. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். அதுவரை கொடைக்கானல் மதுரை மாவட்டம்தான். திருப்பரங்குன்றத்திலிருந்து மதுரைக்குப் போய், அங்கே திண்டுக்கல் பக்கம் போகிற ரயில் பிடித்தால், அம்மையநாயக்கனூரில் கோடை ரோடு ஸ்டேஷன் வரும். இறங்கி வத்தலக்குண்டு வழியாக மலையேற வேண்டும். அந்த மலையில் 1942 முதல் 1944 வரை மரியா மாண்டிசோரி தங்கியிருந்தார். இத்தாலிக்காரர், எழுபதைத் தாண்டிய வயது, பிரிட்டிஷ் சர்க்காரின் கணக்கில் எதிரி நாட்டுப் பிரஜை. கூடவே மகன் மாரியோ.

அவர் எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்லுமுன், அவர் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1870 ஆகஸ்ட் 31 அன்று கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தவர். 1896இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவம் படித்த முதல் பெண்களில் ஒருவர். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்தபோதுதான் அவருக்குக் கல்வியின் மேல் கண் திரும்பியது. அந்தக் குழந்தைகளின் கைக்கு வேலை கொடுத்தால் புத்தி விழித்துக்கொள்வதைப் பார்த்தார். அப்படியானால் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஏன் மந்தமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை.

பதிலைத் தேட இடம் கிடைத்தது 1907 ஜனவரி 6 அன்று. ரோம் நகரில் சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போய்விடுவார்கள். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் மாடிப்படிகளில் அலைந்து புதுச் சுவர்களைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். சுவரைக் காப்பாற்ற வேண்டும் என்பது கட்டடக்காரர்களின் கவலை. அதற்காக ஒரு அறையை ஒதுக்கி, இந்த டாக்டரம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த அறைக்குக் ‘குழந்தைகளின் வீடு’ என்று பெயர் வந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஹார்விபட்டியை நினைத்துக்கொண்டால் போதும். மதுரை ஹார்வி மில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். சங்கு ஊதினால் பெரியவர்கள் கிளம்ப வேண்டும். வீட்டில் மிஞ்சுகிற சின்னதுகளை யார் பார்ப்பது என்பது ரோமில் இருந்த அதே கேள்விதான். இன்று மாண்டிசோரி என்றால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: அது பிறந்தது ஆலைத் தெரு மாதிரியான ஒரு தெருவில், ஏழைப் பிள்ளைகளிடத்தில்.

அந்த அறையில் அவர் கண்டதுதான் பிற்பாடு உலகம் பூராவும் பேசப்பட்டது. பொம்மைகளும் வைத்திருந்தார், மரச் சாமான்களும் வைத்திருந்தார். பிள்ளைகள் பொம்மையை விட்டுவிட்டு மரச் சாமான்களுக்கே திரும்பத் திரும்ப வந்தார்கள். கூட்டினார்கள், துடைத்தார்கள், பொத்தான் போட்டார்கள். ஒரு பெண் குழந்தை உருளைகளைக் குழிகளில் பொருத்துவதையும் எடுப்பதையும் நாற்பது தடவைக்கு மேல் செய்ததாம். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட வைத்துப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் பார்த்தார். அவள் வேலையை விடவில்லை. முடித்தபின் தூங்கி எழுந்தவள்போல் முகம் தெளிந்து சிரித்தாள். திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் மரச் சொப்பு வாங்கிக் கொடுத்த வீடுகளில் இதைப் பார்த்திருக்கலாம். இரண்டு நாள் சொப்பில் சமைக்கும் குழந்தை மூன்றாம் நாள் அடுப்படிக்கு வந்து நிஜக் கரண்டியைக் கேட்கும். நாம் “போ, போய் விளையாடு” என்று விரட்டுகிறோம். அதன் கையில் கரண்டியைக் கொடுத்து, அதன் உயரத்துக்கு ஒரு பலகையும் போட்டுக் கொடுத்தவர் மாண்டிசோரி.

ஐரோப்பாவில் அவர் காலம் நல்லபடியாகப் போகவில்லை. முசோலினி முதலில் ஆதரித்தார். தங்கள் சொல்லுக்கு ஆடும் பள்ளிகளாக அவை மாற வேண்டும் என்று கட்சி நெருக்கியபோது உறவு முறிந்தது. 1930களின் நடுவில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார்; 1936இல் அங்கே உள்நாட்டுப் போர். ஹாலந்துக்குப் போனார். சுயமாக யோசிக்கப் பழகிய பிள்ளைகளைப் பார்த்து அந்த அரசுகள் பயந்தன என்றே நான் நம்புகிறேன். சொன்னபடி அணிவகுக்கும் பிள்ளைதானே அவர்களுக்கு வேண்டும்!

இந்தச் சமயத்தில்தான் அடையாறிலிருந்து அழைப்பு. தியாசபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் கூப்பிட்டார்கள். மாண்டிசோரிக்கும் அந்தச் சங்கத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1899லேயே உறுப்பினராகச் சேர்ந்தவர். 1939 நவம்பரில் மாரியோவோடு விமானத்தில் வந்து சேர்ந்தார். சில மாதங்கள் பாடம் நடத்திவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. முதல் பயிற்சி வகுப்புக்கே நாடு முழுவதிலுமிருந்து சுமார் 300 பேர் வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார், மாரியோ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வார். அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவர்களில் பலர் பிற்பாடு தத்தம் ஊர்களில் போய்ச் சிறு சிறு பள்ளிகள் தொடங்கினார்கள்.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் சர்க்கார் இத்தாலியர்களைக் காவலில் வைத்தது. மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாறு வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. மாரியோ 1898இல் பிறந்தவர். மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை. அந்தக் கால இத்தாலியில் அது வெளியே தெரிந்திருந்தால் மாண்டிசோரியின் வேலையும் பெயரும் அன்றோடு முடிந்திருக்கும். பிள்ளையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார். ஊரார் பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர், தன் பிள்ளையின் முதல் பேச்சையும் முதல் நடையையும் கிட்டத்தில் இருந்து பார்க்க முடியவில்லை. பதினைந்து வயதுவாக்கில்தான் மகன் வந்து சேர்ந்தார். அதன்பிறகும் வெளியுலகத்துக்கு அவர் அண்ணன் மகன் போலவோ, எடுத்து வளர்த்த பிள்ளையாகவோதான் இருந்தார். அந்த மகனைத்தான் இப்போது முள்வேலிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

1940 ஆகஸ்ட் 31, அம்மையாருக்கு எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக உங்கள் மகனை உங்களிடம் திருப்பி அனுப்புகிறோம் என்பது அதன் சாரம். மாரியோ விடுதலையாகி அடையாறு வந்தார். உலகம் அறிய ‘மகன்’ என்ற சொல் அவருக்குக் கிடைத்தது அந்தத் தந்தியில்தான். கல்வி வரலாற்றில் இதற்கு என்ன இடம் என்று யாரும் கேட்கலாம். முதல் ஆறு வருடம் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரியது என்று அந்தத் தாய் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. இழந்த ஒருவர் எழுதிய எழுத்து அது.

சென்னை வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1942இல் கொடைக்கானல் போக அனுமதி கிடைத்தது. அங்கே ஒரு சிறு பள்ளி தொடங்கினார்கள். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அதைக் கவனித்துக்கொண்டார். பல நாட்டுப் பிள்ளைகள், பல மொழி பேசும் பிள்ளைகள், தத்தித் தத்தி நடக்கிறதிலிருந்து பன்னிரண்டு வயது வரை எல்லாரும் ஒரே கூரையின் கீழ். வழக்கமான பள்ளி என்றால் வயதுவாரியாகப் பிரித்திருப்பார்கள். இங்கே பிரிக்கவில்லை. அறைக்கு அறை பிள்ளைகள் போய் வந்தார்கள். பெரிய பிள்ளையின் பாடத்தைச் சின்னப் பிள்ளை எட்டிப் பார்க்கும். ஒரு நாள் அதுவே வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒரு ஏற்பாடு இருந்ததைப் பார்த்தோம் அல்லவா, பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பது. எழும்பூர் அனாதை விடுதியிலிருந்த ஆண்ட்ரூ பெல் அதைத்தான் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதே உறவுதான் கொடைக்கானலிலும். ஆனால் பெரியவன் கையில் பிரம்பு இல்லை, வாத்தியாரிடம் போய்க் கோள் சொல்லும் வேலையும் இல்லை.

வெளியே மலை இருந்தது. செடியும் கல்லும் தவளையும் பாடமாயின. ஆறு வயதுக்கு மேல் பிள்ளைக்கு ‘இது என்ன’ என்பது போதாமல் ‘ஏன்’, ‘எப்படி’ என்று கேள்விகள் கிளைக்கும். அதற்குப் பதிலாக உலகம் தோன்றிய கதையை, கடலும் மண்ணும் உயிர்களும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கி வாழ்வதைச் சொல்ல வேண்டும் என்று அம்மையார் நினைத்தார். பிரபஞ்சக் கல்வி என்று அதற்குப் பெயர். யோசனை முன்பே இருந்தாலும், அது சதையும் எலும்பும் பெற்றது இந்த மலையில்தான். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாண்டிசோரி ஆரம்பப் பள்ளிகளில் நடத்துகிற பாடங்களில் ஒரு பெரும் பகுதி அன்றைய மதுரை ஜில்லாவில் வைத்து வளர்த்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

இன்னொன்றும் அவர் இந்தியாவில் கண்டார். இங்கே தாய்மார்கள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சந்தைக்கும் கோயிலுக்கும் கிணற்றடிக்கும் போகிறார்கள். யாரும் குழந்தைக்குப் பேசச் சொல்லிக் கொடுப்பதில்லை. அது இடுப்பிலிருந்தபடியே பேரத்தையும் சண்டையையும் கொஞ்சலையும் கேட்டு, இரண்டு வருடத்தில் அந்த ஊர்ப் பேச்சையே பேசிவிடுகிறது. பஞ்சு தண்ணீரை இழுப்பது மாதிரி இழுத்துக்கொள்கிற இந்த மனத்தைப் பற்றி அவர் சொன்னவை ‘உறிஞ்சும் மனம்’ என்ற புத்தகமாயின. அது முதலில் அச்சானது 1949இல், அடையாறில்.

இனி உப்புத்தாளுக்கு வருகிறேன்.

ஆசாரி மரத்தைத் தேய்க்கிற அதே உப்புத்தாள். அதில் ‘அ’ வடிவத்தை வெட்டி, வழவழப்பான ஒரு பலகையில் ஒட்டியிருக்கும். ஆசிரியை தன் இரண்டு விரலால், எழுதுகிற போக்கிலேயே, மெதுவாக அதைத் தடவிக் காட்டுவார். ‘அ’ என்று ஒலியை மட்டும் சொல்வார். பிறகு கையை எடுத்துவிடுவார். குழந்தையின் விரலைப் பிடிப்பதில்லை. குழந்தை தானே தடவும். கோடு பிசகினால் விரல் சொரசொரப்பிலிருந்து வழுக்கி மழமழப்புக்குப் போய்விடும். யாரும் ‘தப்பு’ என்று சொல்லத் தேவையில்லை. விரலே சொல்லிவிடும். குழந்தை திரும்பவும் சொரசொரப்பைத் தேடி வரும்.

அடுத்த கட்டம் இன்னும் அழகு. இரண்டு மூன்று எழுத்துகளை வரிசையாக வைத்து, “இது அ, இது ம” என்று சொல்வார். பிறகு, “அ எது, காட்டு” என்பார். குழந்தை சரியாகக் காட்டினால்தான் மூன்றாவது கேள்வி: “இது என்ன?” இரண்டாவது கேள்வியில் தடுமாறினால் ஆசிரியை திருத்துவதில்லை, கடிந்துகொள்வதில்லை. பலகைகளை எடுத்து வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்விடுவார். நேரம் வரவில்லை, அவ்வளவுதான். நம் வகுப்பறைகளில் இந்த ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்ற ஒன்றுதான் ரொம்ப அரிது.

தமிழுக்கு இந்த முறை தைத்துப் போட்ட சட்டை மாதிரிப் பொருந்தும். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி ஒன்று. தமிழில் எழுத்தின் ஒலியே எழுத்து. நடுவில் ‘ஆனா, ஆவன்னா’ என்று பெயர் சூட்டி நாம்தான் ஒரு சுற்றுவழி போட்டோம். அதேசமயம் ஒரு சிக்கலும் உண்டு. உதிரி எழுத்துகளை வைத்துச் சொல் கோக்க வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்கு 26 வடிவம் போதும். தமிழில் துணைக்காலும் கொம்பும் தனியாக வெட்டிக்கொள்ளலாம். உகர வரிசைக்கு வந்தால் ‘கு’ ஒரு மாதிரி, ‘சு’ ஒரு மாதிரி, ‘டு’ ஒரு மாதிரி. பெட்டி பெரிதாகிவிடும். தமிழில் இதைச் செய்ய முயன்ற ஆசிரியைகள் அட்டையை வெட்டி வெட்டிக் கை ஓய்ந்திருப்பார்கள். அவர்களில் யாருடைய பெயரும் வரலாற்றில் இல்லை.

சரி, பிரம்பு இல்லாமல் கட்டுப்பாடு எங்கிருந்து வரும்? நம் பக்கத்துப் பெற்றோர் வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போது சொல்வது எல்லாருக்கும் தெரியும்: “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்.” அடியாத மாடு படியாது என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். நான் ஒன்றாம் வகுப்புப் படித்த பள்ளியில் ஒரு ஆசிரியர் நுழையும்போது வகுப்பு அப்படியே உறைந்துவிடும். அவர் திரும்பிய நிமிஷம் பலப்பம் பறக்கும். அந்த மௌனம் எங்களுடையதல்ல, பிரம்புடையது. பிரம்பு போகும்போது அதுவும் கூடவே போய்விட்டது.

மாண்டிசோரி கண்ட மௌனம் வேறு. ஒரு நாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை வகுப்புக்குள் தூக்கி வந்தார். பாருங்கள், இது எவ்வளவு அமைதியாக இருக்கிறது, உங்களால் இப்படி இருக்க முடியுமா, இதன் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லையே என்றார். பிள்ளைகள் காலை ஒடுக்கி, மூச்சை மெல்ல விட்டு உட்கார்ந்தார்கள். கடிகாரத்தின் சத்தம் கேட்டது. அதிலிருந்து அது ஒரு விளையாட்டாயிற்று. ஆசிரியை அடுத்த அறையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயர் கேட்ட குழந்தை நாற்காலி இடிபடாமல் எழுந்து, பாதம் சத்தமிடாமல் நடந்து வரும். கடைசிப் பெயர் வரும்வரை மற்றவை காத்திருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இது சாமானிய வேலையா? உடம்பு முழுவதையும் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தால்தான் முடியும். யாரும் அடக்கவில்லை, அதுவாக அடங்கியது. ‘ஒழுக்கம்’ என்ற சொல்லுக்கு வேர் ‘ஒழுகு’ அல்லவா? தண்ணீர் தன் போக்கில் ஓடுவதைச் சொல்லும் சொல். அணை கட்டித் தேக்குவதற்கு நம் முன்னோர் வேறு சொல் வைத்திருந்தார்கள்.

சுதந்திரம் என்றால் மனம்போனபடி திரிவது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அறையில் விதி உண்டு. எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஒருவர் பாயில் விரித்து வேலை செய்தால் அந்தப் பாயை மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு சாமானும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இன்னொருவர் கையில் இருந்தால் முடியும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாத பொருளுக்காகக் காத்திருப்பதைப் போலப் பொறுமையைக் கற்றுக்கொடுப்பது வேறில்லை. மாண்டிசோரிமேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. சாமானை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில் அவர் பிடிவாதம் அதிகம். உருளையைக் கோபுரமாக அடுக்கலாமே, வண்டியாக உருட்டலாமே என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால்? பனையோலையில் காத்தாடியும் களிமண்ணில் மாடும் செய்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் கற்பனை பிறவிச் சொத்து. அதற்கும் அலமாரியில் இடம் வேண்டும்.

1946இல் அம்மையார் ஐரோப்பா திரும்பினார். மறுபடி 1947இல் வந்து 1949 வரை இருந்தார். 1952 மே 6 அன்று ஹாலந்தில் காலமானார். அவர் விதைத்தது சென்னையிலும் பம்பாயிலும் மரமாயிற்று. மலையிலிருந்து மதுரைச் சமவெளிக்கு ஏன் இறங்கவில்லை?

காந்திக்கு இந்தக் கவலை முன்பே இருந்தது. 1931 அக்டோபரில் லண்டனில் மாண்டிசோரியின் பயிற்சிக் கல்லூரியில் பேசியபோது, இந்தப் பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமின்றிப் பரம ஏழையின் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்ற தம் ஆசையைச் சொன்னார். குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920லேயே பவநகரில் பாலமந்திர் தொடங்கி, உள்ளூர்ச் சாமான்களையும் உள்ளூர்க் கதைகளையும் வைத்து அதை நடத்திக் காட்டினார். தமிழ்நாட்டில் அப்படி ஒருவர் பரவலாக எழவில்லை. சாமான்களுக்கு விலை அதிகம். பயிற்சி ஆங்கிலத்தில். பெயருக்கோ எந்தக் காவலும் இல்லை. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மாண்டிசோரி என்று பலகை மாட்டி, உள்ளே மூன்று வயதுப் பிள்ளைகளைப் பெஞ்சில் நெருக்கி உட்காரவைத்து, நாலுகோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஆலைத் தெருவில் பிறந்தது, கட்டணம் கட்ட முடிந்தவர்களின் தெருவில் பெயராக மட்டும் நின்றது. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடையாறிலிருந்து இன்னொரு வாய்க்காலும் ஓடியது. அதே தியாசபிகல் சொசைட்டியின் அன்னி பெசன்ட் வளர்த்த ஜே. கிருஷ்ணமூர்த்தி ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலிப் பள்ளியைத் தொடங்கினார். சுற்றுவட்டாரக் கிராமங்களில் அந்தப் பள்ளி நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில், பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தம் வேகத்தில் படிக்கும் முறை உருவாயிற்று. அதையும் மாண்டிசோரிச் சிந்தனையையும் சேர்த்துச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003இல் கொண்டுவந்தார் எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. செயல்வழிக் கற்றல். அதே ஆண்டு தமிழக அரசு கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்படியை விலக்கியது. 2007–08இல் மாநிலம் முழுக்க எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. திருப்பரங்குன்றம் ஒன்றியத்துப் பள்ளிகளுக்கும்தான்.

அப்போது ஒரு ஒன்றியப் பள்ளிக்குள் போனவர்களுக்கு நினைவிருக்கும். பெஞ்சு இல்லை, பாய். சுவரின் அடிப்பாகத்தில், பிள்ளை உட்கார்ந்தபடி எழுதும் உயரத்தில் கரும்பலகை. ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேல் கம்பிப்பந்தல். அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள் தொங்கும். சுய வருகைப் பதிவேட்டில் பிள்ளையே தன் வருகையைப் போட்டுக்கொள்ளும். சுவரில் கற்றல் ஏணி. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையை எடுத்து, அட்டையின் படக்குறிக்கு ஏற்ற குழுவில் போய் உட்காரும். ஆறு குழு. முதல் குழுவுக்கு ஆசிரியரின் முழு உதவி. போகப் போக உதவி குறைந்து, கடைசிக் குழு தன்னந்தனியாக. காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது, ‘நடத்தியாச்சு, போ’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நான்கு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து ஒரே ஆசிரியர் திணறினார். அட்டைகள் கிழிந்தபின் மாற்று அட்டைகள் நேரத்துக்கு வரவில்லை. “வீட்டுப்பாடமே இல்லையாம், சும்மா விளையாடுதுகளாம்” என்று பெற்றோர் அலுத்துக்கொண்டு தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். முறை மேலிருந்து உத்தரவாக வந்தது. பிள்ளைக்குக் கொடுத்த சுதந்திரத்தை ஆசிரியருக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள். 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது ஏணியும் பழைய அட்டைகளும் விடைபெற்றன. இருந்தாலும், பிரம்பில்லாமல், பாயில் உட்கார்ந்து, தானே அட்டை எடுத்துப் படித்த ஒரு தலைமுறை இந்த மலையடிவாரத்தில் இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களை நான் தோற்றுப்போன சோதனை என்று சொல்ல மாட்டேன்.

மூன்று வயதுக்கு? 2009ஆம் வருடத்துக் கட்டாயக் கல்விச் சட்டமே ஆறு வயதில்தான் உரிமையைத் தொடங்குகிறது. மாண்டிசோரி அஸ்திவாரம் என்று சொன்ன வருடங்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அங்கே நிற்பது 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். தமிழ்நாட்டில் இன்று 54,000க்கு மேல் அங்கன்வாடிகள். எங்கள் ஊர் வாயில் இன்னும் பால்வாடிதான். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று பாடத்திட்டம் இருக்கிறது. 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யும் தொடங்கினார்கள். முட்டை, சத்துமாவு, எடை, உயரம், பதிவேடு, செல்போன் செயலி இத்தனையும் முடித்து மிச்சமிருக்கும் நேரத்தில் பாடம்.

இந்த அத்தியாயத்தை எழுதும் முன் எங்கள் பகுதிப் பால்வாடியில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். உப்புத்தாள் எழுத்து இல்லை. உருளை இல்லை. சுவரில் அணிலும் மயிலும் வரைந்திருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் கை கழுவ வரிசையில் நின்றன. ஆயா ஒவ்வொரு கையாகப் பிடித்துக் கழுவிவிட்டுக்கொண்டே வந்தார். மூன்று வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

“கையைக் குடுடி. நேரமாகுது.”

“நானே.”

“சிந்திருவ.”

“நானே!”

உள்ளேயிருந்து டீச்சர் குரல் கொடுத்தார்: “விடுங்கக்கா, அவளே கழுவட்டும்.”

ஆயா நகர்ந்தார். அது வாளிக்குள் சொம்பை முக்கி இரண்டு கையாலும் தூக்கியது. தூக்கியபின்தான் பிரச்சினை தெரிந்தது: இரண்டு கையும் சொம்பில் இருந்தால் எந்தக் கையைக் கழுவுவது? கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. சொம்பைக் கீழே வைத்தது. வலது கையை நீட்டிப் பார்த்து, இடது கையால் சொம்பைத் தூக்கப் பார்த்தது, கனம், முடியவில்லை. பாதித் தண்ணீரை வாளியிலேயே திருப்பி ஊற்றியது. இப்போது இடது கைக்குச் சொம்பு வசப்பட்டது. வலது கையில் தண்ணீர் விழுந்தது, பாவாடையிலும் விழுந்தது. பிறகு கை மாற்றியது. பின்னால் நின்ற பையன் அவசரப்படாமல் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு கையையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒரு விரலிடுக்கில் பருக்கை ஒட்டியிருந்தது. மறுபடியும் சொம்பை எடுத்தது.

(அடுத்த இதழில்: காந்திகிராமம், 1947)